கரண்ட் போனால் மீன் தொட்டியில் என்ன செய்வது?

மே மாத மதியம் கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டால் முதலில் தொட்டி மூடியைத் திறந்து வையுங்கள், தீனி மட்டும் போடவே போடாதீர்கள், ஏனென்றால் தின்ற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், மிச்சத் தீனியும் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி இல்லை, மூச்சுத் திணறல்! உடனே ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஐந்து நிமிடம், அப்புறம் கொஞ்சம் விட்டு மறுபடியும். ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும், அவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் ஏறி பம்ப்புக்குள் போய்விடும். பல மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது என்றால் ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள், ஸ்பாஞ்சில் அடைந்து நாறும் அழுக்கு மொத்தமும் மீன்கள் மேல்தான் வரும். ஒரு பக்கெட்டில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் குளோரின், ஸ்பாஞ்சில் வாழ்ந்து தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.