டெல்லி சுற்றப் போகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

டெல்லிக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்துப் பாருங்கள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் கோயில் இவற்றுக்கும் அதே நாள்தான். முதல் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு இது தெரியாது. சரியாக ஒரு திங்கட்கிழமை காலையில் போய் நின்று, சாத்தியிருந்த வாசலுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் திங்களன்றும் திறந்திருக்கும், அந்த நாளை அவற்றுக்கு விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் ஆட்டோக்காரர் யாராவது "இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்றால் நம்பாதீர்கள், அவர் காட்டப்போவது ஏதாவது ஒரு துணிக்கடையாகத்தான் இருக்கும்.

அடுத்தது, 'ஒரே நாளில் டெல்லி முழுவதும்' என்று கூப்பிடும் பஸ். வேண்டாம். பாதி நேரம் டிராஃபிக்கில் போய்விடும், மீதி நேரம் கூட வந்தவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருப்பீர்கள். மெட்ரோ இருக்கிறது. அதில் ஊதா, மஞ்சள் என்ற இரண்டு வழித்தடங்களை மட்டும் புரிந்துகொண்டால் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஊதாவில் லால் கிலா ஸ்டேஷனில் காலையிலேயே இறங்கிவிடுங்கள், எதிரே செங்கோட்டை. 1638இல் ஷாஜகான் கட்டத் தொடங்கியது. உள்ளே திவான்-இ-காஸ் மண்டபத்தில்தான் மயிலாசனம் என்ற சிம்மாசனம் இருந்தது, 1739இல் பாரசீக மன்னர் நாதிர்ஷா தூக்கிக்கொண்டு போய்விட்டார், அதனால் வெறும் பளிங்கு மேடையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கிருந்து ஜும்மா மசூதிக்கு நடந்தே போகலாம். தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கம் கிளம்பவே வேண்டாம். அப்புறம் சாந்தினி சௌக் சந்துகள். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள், ஆளுக்கு இவ்வளவா மொத்தத்துக்கு இவ்வளவா என்பதையும் சேர்த்து.

அதே ஊதா வழித்தடத்தில் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் ஹுமாயூன் கல்லறை. என்னைக் கேட்டால் டெல்லியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவரை இங்கேதான் அனுப்புவேன். தாஜ்மகாலுக்கு அறுபது வருஷம் மூத்தது, நான்கு பங்காகப் பிரித்த தோட்டத்துக்கு நடுவே சிவப்புக்கல்லும் வெள்ளைப் பளிங்குமாக நிற்கிறது. 1857இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஒளிந்திருந்து பிடிபட்டதும் இங்கேதான். மாலை வெயிலில் போங்கள். வியாழக்கிழமையாக இருந்தால் இருட்டியதும் பக்கத்திலிருக்கும் நிஜாமுதீன் தர்காவுக்குப் போய் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு கேட்கலாம், கூட்டம் நெருக்கும், பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாமரைக் கோயில் இதே வழித்தடத்தில் கால்காஜி மந்திர் ஸ்டேஷன். வெளியிலிருந்து அழகு, வரிசை நீளமாக இருந்தால் அதோடு திரும்பிவிடலாம்.

மஞ்சள் வழித்தடத்தில் குதுப் மினார் ஸ்டேஷன் இருக்கிறது, ஆனால் மினார் கொஞ்சம் தள்ளி, அதற்கும் ஆட்டோதான். 73 மீட்டர் கோபுரத்தையும் துருப்பிடிக்காத இரும்புத்தூணையும் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நீங்கள் வடக்குப் பக்கம் போய் அலாய் மினாரைப் பாருங்கள். குதுப் மினாரைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்குக் கட்ட அலாவுதீன் கில்ஜி தொடங்கி, அவர் 1316இல் இறந்ததும் முதல் தளத்தோடு நின்றுபோன கல்குவியல். இவருடைய தளபதி மாலிக் காஃபூர்தான் 1311இல் மதுரை வரைக்கும் படையெடுத்து வந்தவர். திரும்பும் வழியில் ஜோர் பாக்கில் இறங்கினால் லோதி தோட்டம், டிக்கெட் கிடையாது, கால் வலிக்கு நல்ல இடம்.

இந்தியா கேட்டை ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். அக்‌ஷர்தாமுக்குள் போன், கேமரா எதுவும் கொண்டுபோக முடியாது, வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

எப்போது போவது? பிப்ரவரி, மார்ச். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். நவம்பரில் புகைமூட்டம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள்.

மூன்றாம் நாள் சப்பாத்தி அலுத்து, அம்மா "இங்கே நம்ம கோயில் எதுவும் இல்லையா" என்று கேட்டால் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குக் கூட்டிப்போங்கள். குன்றின்மேல் சுவாமிநாதர், நம்மூர் பாணியில் கல்லால் கட்டிய கோயில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ சாயங்காலமோ போங்கள்.