ஆட்டோவில் கியர்க் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் எங்கே தேடுவது

கைப்பிடியைத் திருப்பிக் கியர் மாற்றும் ஆட்டோக்களில் கியர் விழாமல் போவதும், விழுந்த கியர் ஓட்டத்தில் நழுவிக்கொள்வதும் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த தொல்லைகள். ஒருமுறை வந்தால் கேபிளை இறுக்கியோ மாற்றியோ வேலையை முடித்துவிடலாம். அதே கோளாறு சில வாரங்களிலேயே திரும்பி வருமானால், முன்பு செய்த வேலை காரணத்தைத் தொடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அந்த நிலையில், கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை மறுபடியும் திருகுவது தவறு; கோளாறு எந்த இடத்தில் பிறக்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பஜாஜ் ஆர்இ போல இயந்திரம் பின்புறம் இருக்கும் ஆட்டோக்களை மனத்தில் வைத்து அதற்கான முறையைக் கீழே விளக்குகிறேன்.

கைப்பிடியில் கியர் மாற்றும் இந்த ஏற்பாடு, இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெளியிட்ட வெஸ்பா ஸ்கூட்டரிலிருந்தும், அதன் வழியில் 1948இல் வந்த ஆப்பே என்னும் மூன்று சக்கர வண்டியிலிருந்தும் வந்தது. கேபிளால் இழுக்க முடியுமே தவிர தள்ள முடியாது என்பதால், ஏறுவரிசைக்கு ஒன்றும் இறங்குவரிசைக்கு ஒன்றுமாக இரண்டு கியர் கேபிள்கள் தேவைப்படுகின்றன. பின்புற இயந்திர ஆட்டோவில் இவை ஹேண்டில்பாரிலிருந்து இறங்கி, தரைத்தகட்டின் அடியாக வண்டியின் பின்கோடிவரை, சேறும் மழைநீரும் படும் வழியில் செல்கின்றன. எனவே 'கியர் விழவில்லை' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் கிளட்ச், கைப்பிடியின் உள்ளிருக்கும் கப்பி, கேபிள்கள், கியர்பெட்டியின் வெளிப்புறத்தில் கேபிள்கள் சேரும் மாற்று நெம்புகோல், கியர்பெட்டியின் உட்பகுதி ஆகிய ஐந்தில் எதுவும் இருக்கலாம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பின்பே வேலையைத் தொடங்குங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து, இயந்திரத்தை ஓடவிட்டுக் கியர் போட்டுப் பார்க்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. பின்சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் வேகமாகச் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து சரியவும் கூடும்.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இயந்திரத்தை அணைத்து, கட்டைகளை நீக்கி, கைப்பிரேக்கை விடுவித்து, ஒருவர் வண்டியைப் பின்னிருந்து முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்க, மற்றவர் கிளட்சைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கியர்களையும் வரிசையாக மாற்றிப் பார்க்க வேண்டும். இயந்திரம் நின்றிருக்கும்போது கியர்கள் ஒழுங்காக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினாலோ, சிக்னலில் நிற்கையில் நியூட்ரல் கிடைக்க மறுத்தாலோ, குற்றம் பெரும்பாலும் கியரில் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை. இதை முதலில் பார்க்காததால்தான் நல்ல கியர் கேபிள்கள் வீணாக மாற்றப்படுகின்றன. கிளட்ச் நெம்புகோலின் அடியில் சில மில்லிமீட்டர் ஆட்டம் மட்டும் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆட்டம் மிகுந்தால் கிளட்ச் பாதிதான் விடுபடும். அறவே இல்லாவிட்டால் பிளேட்டுகள் வழுக்கித் தேயும். ஆட்டத்தைச் சரியாக வைத்த பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், எஃகுப் பிளேட்டுகள் வளைந்திருக்கலாம், அல்லது கிளட்ச் கூட்டின் விளிம்புகளில் பிளேட்டுகள் வெட்டிய பள்ளங்கள் ஆழமாகியிருக்கலாம்.

இயந்திரம் நின்றிருக்கும்போதும் கியர் இறுக்கமாகவே இருந்தால் அடுத்த சோதனை முடிவானது. சக்கரங்கள் சற்றே அசைய மட்டும் இடம்விட்டுக் கட்டைகளைத் திரும்பக் கொடுத்து, இரண்டு கியர் கேபிள்களையும் கியர்பெட்டி முனையில் கழற்றிவிட்டு, மாற்று நெம்புகோலைக் கையால் நகர்த்துங்கள். அருகில் ஒருவர் முன்போலவே வண்டியை அசைத்துக் கொடுக்கட்டும். ஒவ்வொரு நிலையிலும் அது தெளிவாகப் பதிந்து நிற்குமானால் கியர்பெட்டி நலம். கோளாறு கேபிளிலோ கைப்பிடியிலோ உள்ளது. நெம்புகோலே முரண்டினாலோ, எந்த நிலையிலும் பதியாமல் தொளதொளவென்று ஆடினாலோ, எத்தனை கேபிள் மாற்றினாலும் பயன் இராது. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் கியர்பெட்டியைத் திறக்க ஒருவரும் ஒப்புக்கொள்ளக் கூடாது; திறப்பதற்கு ஆகும் கூலி ஓட்டுநரின் பல நாள் வருமானம்.

கேபிள் பக்கம் என்று தெரிந்துவிட்டால், அது எங்கே கெடுகிறது என்பதை ஊன்றிக் கவனியுங்கள். அறுந்த கேபிளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அறுந்த இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கம்பியின் முனையில் உள்ள உலோகக் குமிழான நிப்பிளை ஒட்டி அறுந்திருந்தால், கப்பியின் குழியில் நிப்பிள் சுழல முடியாமல் வறண்டு இறுகியிருக்கிறது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கி, இழை இழையாகப் பிரிந்து, கடைசியில் அறுகிறது. குழியைத் துடைத்துச் சிறிது கிரீஸ் இட்டு, நிப்பிள் தாராளமாகத் திரும்புகிறதா என்று பார்த்தே புதிய கேபிளைப் பொருத்த வேண்டும். குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் கப்பியையே மாற்றுவதுதான் வழி. இடைவழியில் அறுந்திருந்தால், அந்த இடத்தில் கேபிளின் வெளியுறையான அவுட்டர் கூர்மையாக வளைந்திருக்கும், அல்லது தகட்டின் விளிம்பில் உரசியிருக்கும், அல்லது சைலன்சரின் சூட்டில் வெந்திருக்கும். பாதையை மாற்றி, கிளிப்புகளைத் திரும்பப் பொருத்தாதவரை புதிய கேபிளும் அங்கேதான் அறும். கியர்பெட்டி முனையில் அறுவது நெம்புகோல் இறுக்கத்தின் அறிகுறி. கேபிள் அங்கே தாங்க முடியாத பாரத்தை இழுக்கிறது.

பலரும் செய்யத் தவறும் சோதனை ஒன்று உண்டு. இயந்திரத்தை அணைத்து நியூட்ரலில் வைத்து, ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்புங்கள். அப்போது பின்னால் ஒருவர் மாற்று நெம்புகோலைக் கவனிக்கட்டும். அது சிறிதளவேனும் அசைந்தால் கேபிளின் அவுட்டர் நீளம் போதவில்லை, அல்லது எங்கோ இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. தெருமுனையில் திரும்பும்போது மட்டும் கியர் நழுவும் வண்டிகளில் காரணம் பெரும்பாலும் இதுவே. இதேபோல், மேம்பாலம் ஏறும்போதோ முழுப் பாரத்தில் புறப்படும்போதோ மட்டும் கியர் நழுவினால், இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள். மவுண்ட் கிழிந்திருந்தால் இழுவையில் இயந்திரம் நகரும்; இயந்திரம் நகர்ந்தால், கைப்பிடியை யாரும் தொடாமலே கேபிள் இழுபடும்.

சரிசெய்யும் வேலையைப் பின்னிருந்து முன்னாகச் செய்ய வேண்டும். மாற்று நெம்புகோலை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிடியின் குறியையும் நியூட்ரலுக்கு நேராக வைத்து, அதன் பின்பு இரண்டு கேபிள்களின் தளர்வையும் சம அளவில் எடுங்கள். மிகச் சிறிய ஆட்டம் எஞ்சியிருக்க வேண்டும். இரண்டையும் கம்பிபோல் இறுக்கினால் கைப்பிடி கனப்பதோடு, நெம்புகோல் தன் பள்ளத்தில் முழுமையாகப் பதிய முடியாமலும் போகும். மிகத் தளர்ந்திருந்தால் கியர் பாதியே கோக்கும். அட்ஜஸ்டரின் பூட்டு நட்டை இறுக்க மறக்காதீர்கள். மரை தேய்ந்த அட்ஜஸ்டர் அதிர்வில் தானாகவே கழன்றுவிடும். புதிய கேபிள் முதல் சில நாட்களில் சற்றே நீண்டு அமரும் என்பதால், ஒரு வார ஓட்டத்துக்குப் பின் மீண்டும் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி.

குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும், 'கடக்' என்ற ஓசையோடு, இழுவையில் நழுவுமானால் கோளாறு உள்ளே இருக்கிறது. வெஸ்பா வழிவந்த கியர்பெட்டிகளில் நான்கு கைகள் கொண்ட சிலுவை வடிவ எஃகுத் துண்டு ஒன்று தண்டினுள் நகர்ந்து, ஒவ்வொரு கியர்ச் சக்கரத்தின் உட்பள்ளத்திலும் மாறி மாறிக் கோக்கிறது. பாதி கோத்த நிலையில் நெடுநாள் ஓட்டினால் அதன் விளிம்புகள் மழுங்கும். அப்போது சிலுவைத் துண்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. கியர்ச் சக்கரத்தின் உட்பள்ள மூலைகளும் மழுங்கியிருந்தால், புதிய துண்டையும் அவை விரைவில் தேய்த்துவிடும். திறந்த கையோடு இரண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். ஓசையின்றி இயந்திரம் மட்டும் இரைந்து, வேகம் கூடாமல், கருகல் வாடை வந்தால் அது கியர் நழுவல் ஆகாது, கிளட்ச் வழுக்கல்.

எண்ணெயையும் கவனியுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோக்களில் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குவதால், மோட்டார் சைக்கிள்களுக்கான ஜாசோ எம்ஏ (JASO MA) தரக்குறி கொண்ட எண்ணெயே பொருந்தும். கார்களுக்கான உராய்வு குறைக்கும் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நடந்ததுபோல் வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், எண்ணெயைப் பாருங்கள்; பால் கலந்த நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. இயந்திரத்தைக் கிளப்பாமல் முதலில் எண்ணெயை வடித்து மாற்ற வேண்டும்.

நடுவழியில் கியர் கேபிள் அறுந்தால் பயணிகளை இறக்கி வேறு வண்டியில் ஏற்றிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். இயந்திரத்தை அணைத்து, எஞ்சிய கேபிளையும் கழற்றிவிட்டு, மாற்று நெம்புகோலைக் கையால் இரண்டாம் கியரில் வைத்தால், கிளட்சை மட்டும் கொண்டு மெதுவாகப் பட்டறைவரை செல்லலாம். இரண்டாம் கியரில் புறப்படும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட் சூடேறும் என்பதால், மேம்பாலங்களையும் நெரிசலான சாலைகளையும் தவிர்த்து, அருகிலுள்ள பட்டறைக்கே செல்ல வேண்டும்.