மட்டை வாங்கும் முன் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்

கிரிக்கெட் மட்டை வாங்கும்போது கைப்பிடியின் மேல் நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பழைய கிரிக்கெட் பந்தால் முன்பக்கத்தைக் கீழிருந்து மேலாக, விரற்கடை இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். விரலில் அதிர்வு அடங்கும் இடம்தான் பந்து நன்றாகப் பறக்கும் இடம். பெரும்பாலும் அடிமுனையிலிருந்து 15 செ.மீ. உயரத்தையொட்டி இருக்கும். அதிர்வு அடங்கும் அந்தப் பகுதி பரந்து இருக்கும் மட்டையை எடுங்கள். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் விலையையும் விட இதையே நான் நம்புவேன்.

பந்து படும்போது மட்டை வில்போல வளைந்து அதிர்கிறது. அந்த அதிர்வில் அசையாத புள்ளிகள் இரண்டு: ஒன்று அலகில் (பந்தை அடிக்கும் தட்டையான பகுதியில்), மற்றொன்று கைப்பிடியில். அலகிலுள்ள புள்ளியில் பந்து பட்டால் ஆற்றல் அதிர்வில் வீணாகாமல் பந்துக்கே திரும்பும், கையும் கடுக்காது. நுனியைப் பிடிக்கச் சொன்னதும் இதனால்தான்: கைப்பிடியின் நடுவில் பிடித்தால் எங்கே தட்டினாலும் அதிர்வு சரியாகத் தெரியாது.

டென்னிஸ் பந்தால் தட்டினால் இது பலிக்காது. மென்மையான பந்து மட்டையில் அதிக நேரம் ஒட்டி நிற்பதால் அதிர்வே பெரிதாக எழாது. புது வில்லோ மர மட்டையின் ஓரங்களிலும் அடிமுனையிலும் மட்டும் ஓங்கித் தட்டிவிடாதீர்கள், விரிசல் விடும்.