வீட்டு வாசலிலேயே லோயரிங் ஸ்பிரிங் மாற்றுவது எப்படி?

டயருக்கும் அதன் மேலுள்ள ஃபெண்டருக்கும் (சக்கரத்தை மூடும் தகடு) நடுவில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் சிலருக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும். அதற்கு மருந்து லோயரிங் ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங்கை விடக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் கெட்டி. மெக்கானிக் இல்லாமல் வீட்டில் வைத்தே மாற்றலாம். பின்பக்கம் சுலபம், முன்பக்கம்தான் கவனமாகச் செய்ய வேண்டியது. ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி ஹேட்ச்பேக்குகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மூன்றிலும் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தண்டு. பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முதலில் எவ்வளவு இறக்குவது என்று முடிவு செய்யுங்கள். 25 முதல் 30 மி.மீ. போதும். 2018-க்குப் பின் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. 30 போனால் 133 மிஞ்சும். சாலைத் தரக் குறிப்பின்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். ஸ்விஃப்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2.45 மீட்டர்தான், அதனால் அந்த மேட்டில் ஏறும்போது நான்கு சக்கரமும் சேர்ந்தே மேலே போகும், நடுவில் தரை எழும்புவது நாலரை சென்டிமீட்டர்கூட வராது. இறக்கிய வண்டியும் தாராளமாகத் தாண்டும். ஆனால் நம் தெருக்களில் இருப்பது அந்த வேகத்தடை இல்லையே. யாரோ ஒரு முழ அகலத்தில் சிமென்ட்டைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போயிருப்பார்கள். நாலு பேர் ஏறிய வண்டி அதில் தட்டாமல் போகாது. தினமும் போகும் வழியில், இப்போதைய உயரத்திலேயே எங்காவது அடியில் தட்டுகிறது என்றால் ஸ்பிரிங் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போகிறது. ஸ்பிரிங் உயரம் ஆர்.சி.யில் அச்சாவதில்லை என்று வாதாடலாம்தான், ஆனால் நடுரோட்டில் கையைக் காட்டி நிறுத்துபவரிடம் அந்த வாதம் எடுபடுமா என்பது வேறு விஷயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் அதையே காரணமாகக் காட்டுவார்கள். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் அது முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது.

இன்னொன்று. "ஸ்பிரிங் வாங்குவானேன், இருப்பதில் ஒரு சுற்றை கட்டர் போட்டு எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் இறுகும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டிய முனை சீட்டில் (ஸ்பிரிங் அமரும் தட்டு) சரியாக உட்காராது என்பதுதான் பெரிய பிரச்சினை. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும், திரும்ப அமரும்போது கோணலாக அமரும். கேஸ் வெல்டிங் சூடு காட்டி ஸ்பிரிங்கை அமுக்குவது அதைவிட மோசம், எஃகின் பதம் போய்விடும். அப்புறம் அது எந்த நேரமும் உடையலாம்.

ஸ்பிரிங் வாங்கும்போது உங்கள் வண்டியின் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா எல்லாம் சொல்லி வாங்குங்கள். டீசல் இன்ஜின் கனம் என்பதால் பல வண்டிகளுக்கு முன் ஸ்பிரிங்கே வேறு. கூடவே ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதிலுள்ள பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பர்), டஸ்ட் பூட் (தூசி மறைக்கும் உறை) எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வையுங்கள். பெரிய விலை இல்லை, ஆனால் பிறகு மாற்ற வேண்டுமென்றால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, வண்டி நிறைய ஓடியிருந்தாலோ அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். களைத்துப்போன ஷாக்கில் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி குதித்துக்கொண்டே போகும்.

சாமான்கள்: நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டை, சாக்கெட் செட், அலன் கீ, டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), ஸ்பிரிங் கம்ப்ரெசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) ஒரு ஜோடி. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் கையை விடாதீர்கள், செங்கல்லை அடுக்கி வைத்தும் விடாதீர்கள். கம்ப்ரெசரை இரவல் வாங்கினால் மரையையும் கொக்கியையும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள், மரை தேய்ந்திருந்தால் வேண்டாம். அப்புறம் வண்டியின் சர்வீஸ் மேனுவல். எந்த போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்குவது என்பது அதில்தான் இருக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர் வண்டி என்றால் முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊறவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். நான்கு சக்கரத்துக்கும் வேண்டும்.

பின்பக்கத்திலேயே ஆரம்பியுங்கள், கை பழகும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், பின்னால் இரண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், சக்கரங்களைக் கழற்றுங்கள். பீமுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கிக்கொண்டு, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். பீம் இறங்கும்போது கண் பிரேக் ஹோஸ் மீதும் ஏபிஎஸ் வயர் மீதும் ஹேண்ட்பிரேக் கேபிள் மீதும் இருக்கட்டும். ஏதாவது விறைத்துக்கொண்டு நின்றால் அதன் கிளிப்பை விடுவித்துவிட்டுத்தான் மேற்கொண்டு இறக்க வேண்டும். ஓர் அளவுக்கு மேல் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்து கையோடு வந்துவிடும். கம்ப்ரெசரே தேவைப்படாது. மேல் ரப்பரையும் கீழ் ரப்பரையும் பழையதிலிருந்து எடுத்துத் துடைத்துப் புதியதில் மாட்டி, முனை அதன் பள்ளத்தில் பொருந்தும்படி வைத்துப் பீமைத் திரும்ப ஏற்றுங்கள்.

இங்கே பலர் கோட்டை விடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஷாக்கின் கீழ் போல்ட் ரப்பர் புஷ் வழியாகப் போகிறது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அதை முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போது அந்த ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். ஜாக்கியால் பீமைத் தூக்கி, வண்டியின் பாரம் அதில் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். முன்பக்கத்தில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) போல்ட்டைத் தொட்டிருந்தால் அதற்கும் இதே கதைதான்.

ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில், பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு சின்னக் கம்பி பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு "பின்னால் ஆள் ஏறிவிட்டார்கள்" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் கூட்டிவிடும், மழையில் பின் சக்கரம் லாக் ஆகும். உங்கள் வண்டியில் அது இருந்தால் மேனுவல்படி திரும்ப செட் செய்யாமல் ரோட்டில் இறக்காதீர்கள்.

சரி, முன்பக்கம். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு, அதை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க்கைக் கழற்றவும் விடாது, மாட்டவும் விடாது. ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் விடுவித்து, லிங்க் நட்டை எடுங்கள். லிங்க்கின் தண்டும் கூடவே சுற்றினால் நடுவில் அலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம். நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தொடும் முன், அவை இருக்கும் இடத்தை பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், துளையில் இருக்கும் சிறு தளர்வே கேம்பரை (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) மாற்றிவிடும். போலோவில் இந்த இரண்டு போல்ட் கிடையாது. ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகி ஒரே போல்ட்டால் கவ்வப்பட்டிருக்கும், பிளவை விரிக்கத் தனிச் சாவி வேண்டும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வெளிப்பக்கம் சாய்ந்தால் பிரேக் ஹோஸையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுக்கும்.

மேலே பானட்டுக்குள் ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிடித்திருக்கும் நட்டை எடுத்தால் முழு ஸ்ட்ரட்டும் கையில் வரும். எந்த நட் வண்டியோடு பிடிக்கிறது, எந்த நட் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கிறது என்று மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்பிரிங்கை கம்ப்ரெசர் தாங்காத நிலையில் அதன் நட்டை எடுத்தால், மேல் மவுண்ட் முகத்துக்கு நேராகப் பறந்து வரும். உயிர் போகிற விஷயம், மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கம்ப்ரெசர் இரண்டையும் எதிரெதிரே மாட்டுங்கள், முடிந்த அளவு அதிகச் சுற்றுகளைக் கவ்வட்டும். இந்தப் பக்கம் இரண்டு திருகு, அந்தப் பக்கம் இரண்டு திருகு என்று மாற்றி மாற்றிக் கை ஸ்பேனரால்தான் இறுக்க வேண்டும், இம்பேக்ட் கன் கூடவே கூடாது. ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளையும், கொக்கி சுற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். அப்படி நகர்வது தெரிந்தால் உடனே தளர்த்தி முதலிலிருந்து மாட்டுங்கள். ஸ்பிரிங் மேல் சீட்டை விட்டு விலகி, கையால் அசைத்தால் லேசாகக் கடகடக்கும்போது நிறுத்தலாம். அப்போதுதான் மேல் மவுண்டைப் பிடித்திருக்கும் நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஷாக்கின் ராடு சுற்றினால் அலன் கீயால் பிடியுங்கள், பளபளக்கும் ராடைப் பிளையரால் கவ்வினால் கீறல் விழுந்து ஆயில் சீல் போய்விடும். எந்த நேரத்திலும் ஸ்ட்ரட்டின் மேல்முனையும் கீழ்முனையும் உங்களையோ பக்கத்தில் நிற்கும் பையனையோ பார்த்தபடி இருக்கக் கூடாது.

புது ஸ்பிரிங்கில் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்க வந்தால் பெரும்பாலும் அது சரியான பக்கம், ஆனாலும் தாளில் சொன்னதைப் பாருங்கள். கீழ் சீட்டில் ஒரு படி இருக்கும், ஸ்பிரிங்கின் முனை அந்தப் படியில் முட்டி நிற்க வேண்டும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் திருப்பிச் சரி செய்யுங்கள். பம்ப் ஸ்டாப்பை இவ்வளவு வெட்டு என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் வெட்டலாம், நாமாக வெட்டக் கூடாது. நடு நட் புதிதாகவே இருக்கட்டும். டார்க் ரெஞ்ச்சில் இறுக்கிய பிறகு கம்ப்ரெசரையும் மாற்றி மாற்றித்தான் தளர்த்த வேண்டும். மாட்டுவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், தளர்ந்து ஆடினால் அந்த ஸ்பிரிங் உங்கள் ஷாக்குக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், ஓட்ட வேண்டாம்.

வீல் நட்டை வண்டி தரையில் நின்றதும் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துப் பாருங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போகலாம். தாழ்த்தியதும் முன் சக்கரத்தின் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் மாறியிருக்கும், அப்படியே ஓட்டினால் டயரின் உள் விளிம்பு வேகமாகத் தேயும். ஹெட்லைட் உயரத்தையும் அங்கேயே சரி பார்த்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் தொட்டுப் பார்த்து, ஃபெண்டர் அளவையும் மீண்டும் எடுங்கள். புது ஸ்பிரிங் சில மி.மீ. இன்னும் அமரும். இடது வலது வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தால் ஒரு ஸ்பிரிங் சீட்டில் சரியாக உட்காரவில்லை, திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். முன், பின், இடது, வலது என்று எழுதி, லேசாக எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள், வண்டியை விற்கும்போது பாதிப் பேர் கம்பெனி ஸ்பிரிங்தான் கேட்பார்கள்.