ஐந்து வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரா? ஐடிவி-யைக் கேட்டு வாங்குங்கள்

பழைய ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர் மாதிரி காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, திரையில் தானாக வரும் ஐடிவி (கார் திருடுபோனாலோ முழுதாகச் சிதைந்தாலோ கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை) எவ்வளவோ அதை அப்படியே ஏற்காதீர்கள். அதே மாடல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்ற ஆதாரத்தைக் காட்டி, அந்தத் தொகைக்கே பாலிசி கேளுங்கள்.

கார் விலையில் வயதுக்கேற்ப இவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லும் தேய்மான அட்டவணை (ஐந்தாம் ஆண்டில் 50% கழிவு) ஐந்து வயது வரைதான். அதன்பின் ஐடிவி, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையுமே என்று அதைக் கீழே இறக்குவதுதான் வம்பு: ரிப்பேர் செலவு ஐடிவி-யில் 75% தாண்டினால் காரை ரிப்பேர் செய்யாமல் 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) என்று ஐடிவி-யோடு கணக்கை முடித்துவிடுவார்கள். கார் விலை விழுந்தாலும் உதிரிபாக விலை விழுவதில்லை. பம்பர், ஹெட்லைட், ஏர்பேக் மூன்றும் போனாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடலாம்.

ஐந்து வயதுக்குள் உள்ள காருக்கு இது பொருந்தாது, அங்கே அட்டவணைதான். கார் அடிமாட்டு விலைக்கு வந்துவிட்டால் சொந்தச் சேத (உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான) பிரீமியமே தண்டம், கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு போதும். கடன் பாக்கி இருந்தால் மட்டும் பேங்க் அதற்கு ஒத்துக்கொள்ளாது.