ஃபார்மில் போட்ட புகாருக்கு நாமே சீல் வைப்பது எப்படி

புது கிரைண்டர் வந்த மூன்றாம் நாளே அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. விற்ற நிறுவனத்தின் தளத்தில் மெயில் ஐடி எதுவும் கண்ணில் படவில்லை, ஒரே ஒரு 'தொடர்புக்கு' ஃபார்ம்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து, மாவு அரைக்கும்போது எந்தப் பக்கம் கசிகிறது என்பதுவரை எழுதி சப்மிட் கொடுத்தேன். 'நன்றி! விரைவில் தொடர்புகொள்வோம்' என்று ஒரு பச்சை டிக் வந்தது, அவ்வளவுதான். மெயிலும் இல்லை, எஸ்எம்எஸ்ஸும் இல்லை, புகார் எண்ணும் இல்லை. பன்னிரண்டு நாள் பொறுத்துவிட்டு போன் செய்தால், "உங்க பேர்ல ஒரு கம்ப்ளெய்ன்டும் இல்லையே சார், எப்ப போட்டீங்க?" என்கிறார்கள். எனக்கே தேதி சரியாக நினைவில்லை. பொருளை மாற்றித் தரும் கெடுவும் அதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போனால் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவார். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி போட்டு சீல் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். இந்த ஃபார்ம்கள் மனுவை வாங்கிக்கொள்கின்றன, சீல் மட்டும் தருவதில்லை. அதனால் சீலை நாமே தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில், புகாரை நேராக அந்தப் பெட்டிக்குள் தட்டாதீர்கள். போனில் நோட்ஸிலோ, உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தியிலோ எழுதிவிட்டு, அப்புறம் எடுத்து ஒட்டுங்கள். பாதி எழுதும்போது 'செஷன் முடிந்தது' என்று பக்கம் பறந்து போனாலும் நம்மிடம் எழுத்து இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: பெட்டி சின்னது, நீளமாக எழுதினால் ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி நாலு வரிதான் விழும். தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. '500 எழுத்துக்குள்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 'கொ' இரண்டாகவும் 'க்' இரண்டாகவும் கணக்காகும், நாம் நினைத்ததைவிட சீக்கிரமே இடம் தீர்ந்துவிடும். ஆகவே ஆர்டர் எண், வாங்கிய தேதி, என்ன கோளாறு, என்ன வேண்டும் (மாற்றுப் பொருளா, பணமா) இந்த நாலையும் முதல் இரண்டு வரிக்குள் போட்டுவிடுங்கள். கோபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை.

சப்மிட் கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட், கொடுத்த பிறகு வரும் நன்றிப் பக்கத்துக்கு ஒன்று. கம்ப்யூட்டராக இருந்தால் கன்ட்ரோல் பி அழுத்தி பிடிஎஃப் ஆகவே சேமித்துவிடுங்கள், பக்கத்தின் முகவரியும் தேதியும் பெரும்பாலும் ஓரத்தில் அச்சாகி வரும். ஃபார்முக்குப் பதில் சாட் என்றால் ஜன்னலை மூடுவதற்கு முன்பே முழு உரையாடலையும் காப்பி எடுத்துவிட வேண்டும், மூடிவிட்டால் பல இடங்களில் போனது போனதுதான்.

இதெல்லாம் நம் பக்கத்துச் சாட்சி. அவர்கள் கைக்கும் ஏதாவது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் வேண்டுமே? அதற்காக, ஃபார்ம் அனுப்பிய கையோடு ஒரு மெயிலும் போடுங்கள். யாருக்கு என்றால், தளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைப் பக்கத்துக்கோ தனியுரிமைக் கொள்கைக்கோ போய், குறைதீர்ப்பு அலுவலர் என்று யார் இருக்கிறார் என்று தேடுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இந்தியாவில் ஆன்லைனில் விற்கும் நிறுவனங்கள் அந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். பல விற்பனையாளர்களை வைத்து நடத்தும் சந்தைத் தளமாக இருந்தால், ஒவ்வொரு புகாருக்கும் நிலையைப் பார்க்கும்படி ஒரு டிக்கெட் எண்ணும் தந்தாக வேண்டும். எண் தராததை அவர்கள் வழக்கமாக வைத்திருக்கலாம், நாம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மெயிலில் நீட்டி முழக்க வேண்டாம். கிரைண்டர் புகாரை இரண்டாம் முறை ஃபார்மில் போட்டபோது நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: 'இன்ன தேதி, இன்ன நேரத்தில் உங்கள் இணையதளப் படிவம் வழியாக நான் அனுப்பிய புகாரின் நகல் கீழே உள்ளது. ஸ்கிரீன்ஷாட்டுகள் இணைப்பில். இதற்கான புகார் எண்ணை 48 மணி நேரத்துக்குள் தெரிவியுங்கள்.' மறுநாள் மதியமே எண் வந்தது. கிரைண்டர் மாறி வர அதற்கு மேல் மூன்று வாரம் ஆனது, அது வேறு கதை. ஒன்று மட்டும், ஆபீஸ் மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள், வேலை மாறினால் ஆதாரமும் அங்கேயே தங்கிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். மேலே எந்தப் படியில் ஏறினாலும் முதலில் கேட்பது, 'நிறுவனத்திடம் புகார் செய்தீர்களா, எப்போது?' என்பதைத்தான். வங்கி விஷயத்தில் இது இன்னும் கறார். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவர்கள் நிராகரித்திருக்க வேண்டும், அல்லது பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது பதிலே இல்லாமல் 30 நாள் ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் கதவைத் தட்டலாம். அந்த 30 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்ட ஒரு பச்சை டிக் போதாது. செல்போன் நிறுவனங்கள் இதில் கொஞ்சம் தேவலை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுக்க வேண்டும் என்பதால் எஸ்எம்எஸ் வந்துவிடும், அதை அழிக்காமல் இருந்தால் சரி.

நிறுவனம் அசையவே இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், புகாரைப் பதிந்து எண்ணும் தருவார்கள். அவர்கள் நிறுவனத்திடம் எடுத்துச் சொல்வார்களே தவிர, உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அங்கே பில், படங்கள், மெயில்கள் எல்லாம் கேட்பார்கள், ஆகவே ஸ்கிரீன்ஷாட்டுகளை கல்யாண போட்டோக்களோடு கேலரியில் விட்டுவைக்காமல், தேதியையே பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.