மொரிஷியஸ்ல இருந்து கூகுள் ஆட்ஸ் (கூகுள்ல விளம்பரம் ஓட்டித் தர்றது) வேலைக்கு வர்றது எப்படி

முதல்ல காசு கட்டி கோர்ஸ்ல சேராதீங்க, கூகுளோட ஸ்கில்ஷாப்ங்கற ஆன்லைன் பயிற்சி தளத்துல பாடமும் பரீட்சையும் ஃப்ரீ, சர்டிஃபிகேட் ஒரு வருஷத்துக்கு செல்லும். ஆனா அதை மட்டும் பாத்து எவனும் வேலை தரமாட்டான், கை பழகணும்.

தெரிஞ்சவங்க கடைக்கு சின்ன பட்ஜெட்ல விளம்பரம் ஓட்டிப் பாருங்க. நான் கத்துக்கிட்டது காத்ர்போர்ன்ல மாமாவோட வாடகை கார் பிசினஸ்லதான். இங்கிலீஷ் கீவேர்டா (எந்த வார்த்தைய தேடினா நம்ம விளம்பரம் வரணுமோ அது) போட்டுத் தள்ளினேன், பிரான்ஸ்லயும் ரீயூனியன்லயும் இருந்து வர்றவங்க பிரெஞ்சுல 'லொகாசியோன் வுவாத்யூர்'னுதானே (வாடகை கார்) தேடுவாங்க, அது மண்டைல ஏறவே இல்ல! அதோட பிராட் மேட்ச்ல (கீவேர்டோட தொடர்பா எத தேடினாலும் விளம்பரம் காட்டுற செட்டிங்) விட்டதுல டிரைவர் வேலை தேடுறவன், பழைய கார் வாங்குறவன்னு எல்லாரும் கிளிக் பண்ணி, கிளிக்குக்கு காசுங்கறதால மாமா காசு கரைஞ்சுது, மாமி இன்னும் சொல்லிக்காட்டுறாங்க. ஜனங்க என்ன தேடி நம்ம விளம்பரத்துக்கு வந்தாங்கன்னு காட்டுற சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்ட அடிக்கடி பாத்து 'ஜாப்', 'எம்ப்ளுவா' (பிரெஞ்சுல வேலை) மாதிரி வார்த்தைங்கள நெகட்டிவ்ல, அதாவது விளம்பரம் வரக்கூடாத வார்த்தை லிஸ்ட்ல போடுங்க, பாதி வித்தை அதுதான்.

அப்புறம் டெய்லி பட்ஜெட் 300 ரூபான்னு வெச்சா ஒரு நாள் 600 வரைக்கும் போகலாம், ஆனா மாசத்துக்கு டெய்லி பட்ஜெட்டோட 30.4 மடங்குக்கு மேல எடுக்கமாட்டாங்க, இத கஸ்டமர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க இல்லன்னா சண்டைதான். நீங்க கை வெச்சதுக்கு முன்ன, பின்ன விளம்பர ரிசல்ட்டோட ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வெச்சுக்கோங்க, இன்டர்வியூல அதைக் காட்டலாம்.